ஸ்டம்புக்குப் பின்னால்: இந்த வாரம் கேட்சர் வாரம்

டல்லாஸில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்ததைப் பற்றிச் சென்ற இதழில் இரண்டு வரி எழுதினேன். பேரன் பேஸ்பால் கேட்சர் என்று அதில் ஒரு வார்த்தை வந்துவிட்டது. அவ்வளவுதான். வழக்கமாக வருகிற கிரிக்கெட் கேள்விகளை ஓரம் தள்ளிவிட்டுப் பேஸ்பால் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. வேளச்சேரியில் ஆரம்பித்து அம்பத்தூர் வரைக்கும் பாதிப் பேருக்கு அமெரிக்காவில் அக்கா மகனோ தம்பி பெண்ணோ இருக்கிறார்கள் போலிருக்கிறது. சரி, இந்த வாரம் முழுக்க அதுவே இருக்கட்டும். பள்ளிப் பிள்ளைகள் சம்பந்தப்பட்டது என்பதால் யார் பெயரும் போடவில்லை.

வேளச்சேரி வாசகி: என் அக்கா மகன் ஆஸ்டினில் பத்தாம் வகுப்பு படிக்கிறான். பள்ளி அணியில் கேட்சர். கல்லூரி அணியில் இடம் கிடைத்தால் படிப்புச் செலவு குறையும் என்று அக்கா ஆசைப்படுகிறாள். அவன் எறிகிற வேகத்தைப் பார்த்து எல்லோரும் வாய் பிளக்கிறார்கள். கல்லூரி கோச்சுகள் ஒரு கேட்சரிடம் என்னதான் பார்க்கிறார்கள்?

பேஸ்பால் தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. கேட்சர் என்பவர் நம் விக்கெட் கீப்பர்தான். ஸ்டம்ப் மட்டும் கிடையாது. ஒரு கையில்தான் கையுறை, இன்னொரு கை வெறுங்கை. மட்டை பிடிப்பவருக்குப் பின்னாலேயே குந்தி உட்கார வேண்டும். பிட்சர், அதாவது பந்து எறிபவர், 60 அடி 6 அங்குலத்திலிருந்து எறிகிறார். நம் பிட்ச்சோ ஸ்டம்புக்கு ஸ்டம்ப் 66 அடி. ஃபாஸ்ட் பவுலருக்கு ஸ்டம்பை ஒட்டி நின்று மேட்ச் முழுக்க கீப்பிங் செய்யச் சொன்னால் எப்படி இருக்கும்? அதுதான் இவர்கள் வேலை.

இப்போது தோளுக்கு வருகிறேன். பேஸ் என்பது ஓட்டக்காரன் ஒவ்வொன்றாகத் தொட்டு ஓட வேண்டிய முனை. முதல் பேஸில் நிற்கிற எதிரணி ஆள், யாரும் பந்தை அடிக்கக் காத்திராமல், பிட்சர் எறியும்போதே இரண்டாம் பேஸைத் திருட ஓடுவான். கேட்சர் பந்தை வாங்கி, எழுந்து, 127 அடி 3 அங்குலம் எறிந்து அவனை மடக்க வேண்டும். பந்து கேட்சரின் கையுறையில் விழுந்த கணத்திலிருந்து இரண்டாம் பேஸில் நிற்பவரின் கையுறைக்குப் போய்ச் சேரும் வரை ஆகிற நேரத்துக்குப் பாப் டைம் என்று பெயர். அமெரிக்காவின் உச்சத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக்கிலேயே சராசரி ஏறக்குறைய 2 விநாடிதான். பெரிய கல்லூரிகள் அதை ஒட்டித்தான் எதிர்பார்க்கின்றன. சின்னக் கல்லூரிகளில் 2.1 என்றாலும் பேச்சு நடக்கும். பிட்சர் அசைய ஆரம்பித்ததிலிருந்து பந்து கேட்சருக்கு வர சுமார் 1.3 விநாடி. இரண்டையும் கூட்டினால் 3.3. ஓடுகிறவனுக்கும் கிட்டத்தட்ட அதே நேரம்தான் ஆகும். நல்ல ஓட்டக்காரன் விநாடிக்கு 27 அடி போவான் என்று வைத்துக்கொண்டால், கேட்சர் 0.1 விநாடி தாமதித்தால் இரண்டரை அடிக்கு மேல் கொடுத்துவிட்டார் என்று அர்த்தம்.

அந்த 0.1 விநாடி தோளில் இல்லை என்பதுதான் வேடிக்கை. காலிலும், பந்தைக் கையுறையிலிருந்து வெறுங்கைக்கு மாற்றுகிற இடத்திலும் இருக்கிறது. என் பேரனுக்கும் தோள் பலம்தான். ஆனால் அவன் பாப் டைம் 2.15-க்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்றது. அவன் கோச் ஒரு மாதத்துக்கு எறிவதையே நிறுத்தச் சொன்னார். பையன் சமையலறை டைல்ஸில் வெறுங்காலோடு நின்று, பந்தைக் கையுறையில் அடித்து, வெறுங்கைக்கு மாற்றி, வலது கால், இடது கால் என்று வைத்துவைத்துப் பழகினான். என் மகள் தோசை வார்த்துக்கொண்டே, "டேய், அடுப்புப் பக்கம் வராதே" என்பாள். ஒரு மாதம் கழித்து 2.04. தோள் அதே தோள்தான்.

உங்கள் அக்கா கேட்க மாட்டார்கள், நான் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆட்டத்தில் இந்தத் திருட்டு ஓட்டம் ஒன்றோ இரண்டோ தடவைதான் நடக்கும். கேட்சரை நோக்கி வருகிற பந்தோ ஏறக்குறைய நூற்றிருபது. எல்லோரும் வாய் பிளப்பது அந்த இரண்டு எறிதலைப் பார்த்து. கோச் உட்கார்ந்து பார்ப்பது மிச்ச நூற்றிருபதை.

அந்த நூற்றிருபதில் என்ன இருக்கிறது? மட்டைக்காரர் பக்கத்தில் தரையில் பதித்திருக்கிற ஹோம் பிளேட் 17 அங்குல அகலம். அதற்கு மேலே, முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாத ஒரு ஜன்னல். பந்து அதற்குள் வந்தால் ஸ்ட்ரைக், பிட்சருக்கு லாபம்; அடிக்காமல் விட்டு வெளியே போனால் பால், மட்டைக்காரருக்கு லாபம். ஜன்னல் ஓரத்தை உரசிக்கொண்டு வருகிற பந்துதான் தகராறு. கை பலவீனமான கேட்சரின் கையுறையைப் பந்து இரண்டு அங்குலம் வெளியே இழுத்துக்கொண்டு போய்விடும். பின்னால் நிற்கிற அம்பயர் கண்ணுக்கு அது பால். நல்ல கேட்சர் பந்து வருகிற பாதைக்கு வெளியே முன்கூட்டியே போய், உள்ளே வருகிற அசைவில் வாங்கி, அப்படியே நிறுத்துவார். இதற்கு ஃப்ரேமிங் என்று பெயர். அம்பயரை ஏமாற்றுகிற வேலை என்று ஒரு நண்பர் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நல்ல பந்தை நல்ல பந்தாகக் காட்டுவதும் ஒரு வேலைதானே. வலுக்கட்டாயமாக ஒரு அடி உள்ளே இழுத்து வைக்கிற பையன்களும் இருக்கிறார்கள். அம்பயருக்கு அது எரிச்சல், கோச்சுக்கு அதைவிட எரிச்சல்.

அடுத்தது பிளாக்கிங். இதில் எனக்கே ஒரு அனுபவம் உண்டு. நாற்பது வயது வரை லீக் கிரிக்கெட்டில் கீப்பிங் செய்தவன் என்ற திமிரில், ஒரு நாள் வீட்டுக்குப் பின்னால் பேரனின் கவசத்தை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எழுபது வயதில் உட்கார முடிந்ததே பெரிய விஷயம். அவன் பந்தைத் தரையில் குத்தி எறிந்தான். நான் பழக்க தோஷத்தில் கையை நீட்டிப் பிடிக்கப் போனேன். பந்து கையுறை ஓரத்தில் பட்டு வேலிக்கு ஓடிவிட்டது. "தாத்தா, பிடிக்காதீங்க. நெஞ்சைக் கொடுங்க" என்றான். இரண்டு முழங்காலையும் கீழே போட்டு, கையுறையை நடுவில் அணை மாதிரி வைத்து, தாடையைக் கீழே இறக்கி, தோள் இரண்டையும் முன்னால் வளைத்து, பந்து நெஞ்சுக் கவசத்தில் மோதிச் செத்து முன்னாலேயே விழும்படி செய்ய வேண்டுமாம். கையால் பிடிக்கிற ஆசையை விடுவதுதான் கஷ்டம். மூன்றாம் பேஸில் ஆள் நிற்கும்போது பிட்சர் துணிந்து ஒரு பந்தைத் தரையில் குத்துகிறார் என்றால், பின்னால் இருப்பவன் விட மாட்டான் என்ற நம்பிக்கையில்தான். அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் அவருடைய சிறந்த பந்தே கையில் இல்லை என்று அர்த்தம். கேட்சர் சரியில்லாத அணியில் நல்ல பிட்சரும் பாதி பிட்சர்தான்.

மார்ச் மாதம், சனிக்கிழமை சாயங்காலம், பேரன் பள்ளி மைதானம். நான் குல்லாயும் ஸ்வெட்டருமாக இரும்புப் பெஞ்சில். மூன்றாம் பேஸ் பக்கம் வேலிக்கு வெளியே, மடக்கு நாற்காலியில் ஒரு கல்லூரி கோச். மடியில் சின்ன நோட்டு, கையில் ஸ்டாப்வாட்ச். இரண்டாவது இன்னிங்ஸில் ஒரு பந்து தரையில் குத்தி என் பேரனைத் தாண்டி ஓடியது. அவன் போய் எடுத்துவிட்டு, பிட்சரைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தான். எனக்குச் சுரீர் என்றது. ஏனென்றால் அது என் கை. 1973-ல், பதினேழு வயதில், ஒரு தேர்வு ஆட்டத்தில் லெக் சைடில் போன பந்தை நான் விட்டு, நாலு பை ஓடியது. பவுலரைப் பார்த்து இதே மாதிரி கையை விரித்தேன். மரத்தடியில் உட்கார்ந்திருந்த செலக்டர் அதன் பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை. பட்டியலில் என் பெயரும் இல்லை. அநியாயம் என்று இருபது வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். (பேரன் இதைப் படிக்க மாட்டான். அவனுக்குத் தமிழ் பேசத்தான் வரும்.)

அதே ஆட்டத்தில் எதிரணி கேட்சர் ஒரு காரியம் செய்தான். சாதாரணத் தரைப் பந்து. இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கிற ஃபீல்டரான ஷார்ட்ஸ்டாப் எடுத்து முதல் பேஸுக்கு எறிகிறான். கேட்சருக்கு அங்கே வேலையே இல்லை. ஆனால் இவன் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, கால் கவசம் தடதடக்க, முதல் பேஸுக்குப் பின்னால் ஓடினான். எறிதல் தவறினால் தடுக்க. தவறவில்லை. யாரும் கை தட்டவும் இல்லை. திரும்பி நடந்து வந்து உட்கார்ந்தான். அடுத்த தரைப் பந்துக்கும் ஓடினான். கோச் நோட்டில் ஏதோ எழுதியதை நான் பார்த்தது அப்போதுதான்.

ஆட்டம் முடிந்ததும் அவரிடம் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். வணக்கம் சொல்லிச் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டார். தலைக்கனம் என்று நினைத்தேன். மகள்தான் காரில் சொன்னாள். கல்லூரி விளையாட்டில் மேல் தட்டான முதல் டிவிஷன் பேஸ்பாலில் 2023-லிருந்து, பையன் பதினோராம் வகுப்புக்குப் போகிற வருடத்தின் ஆகஸ்ட் 1 வரை, சேர்ப்பது பற்றி அவனிடமோ குடும்பத்தாரிடமோ கோச் பேசக் கூடாதாம். பார்க்கலாம், பேசக் கூடாது. ஆகவே உங்கள் அக்கா, யாரும் கூப்பிடவில்லையே என்று இப்போதே கவலைப்பட வேண்டாம்.

மட்டைத் திறமையும் பார்ப்பார்கள், அதில் சந்தேகம் வேண்டாம். கேட்சராகவும் இருந்து அடிக்கவும் தெரிந்தவன் கிடைத்தால் விட மாட்டார்கள். காசு விஷயம்: முன்பெல்லாம் முதல் டிவிஷன் அணிக்கு 11.7 முழு ஸ்காலர்ஷிப் அளவுதான்; அதை 27 பேர் வரை பிய்த்துப் பங்கு போட்டார்கள். 2025-26 முதல், புதிய ஏற்பாட்டுக்குள் வந்த கல்லூரிகளில் அந்த வரம்பு போய், அணிக்கு 34 பேர் என்ற ஆள் வரம்பு வந்திருக்கிறது. வரம்பு போனதால் பணம் கொட்டும் என்று நினைக்க வேண்டாம், அவரவர் கல்லூரி பையைப் பொறுத்தது. 34 பேரில் கேட்சர் மூன்று நான்கு பேர். மூன்றாம் டிவிஷனில் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே கிடையாது, படிப்புக்கு உண்டு. அதனால் அக்கா மகனின் மார்க்கையும் கேட்டுச் சொல்லுங்கள்.

அம்பத்தூர் வாசகர்: தம்பி மகனின் ஆட்டத்தை வீடியோவாக எடுத்துக் கல்லூரிகளுக்கு அனுப்பச் சொல்கிறார்கள். எடிட்டிங் எனக்குத் தெரியும். பின்னணி இசையோடு ஏழெட்டு நிமிடம் செய்து தரலாமா?

இசை வேண்டாம் சார். ஸ்லோ மோஷனும் வேண்டாம். பந்து கையுறையில் விழுகிற சத்தம் அவர்களுக்குக் கேட்க வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் போதும். முதலில் பந்து வாங்குவது, அப்புறம் பிளாக்கிங், அப்புறம் இரண்டாம் பேஸுக்கு எறிவது, கடைசியில் மட்டை. எறிதலை வெட்டாமல் முழுசாகக் காட்டுங்கள், ஸ்டாப்வாட்ச்சை அவர்களே வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் திரையில் போடுகிற 1.85-ஐ யாரும் நம்பப் போவதில்லை. ஓட்டக்காரனும் இல்லாமல், மட்டைக்காரனும் இல்லாமல், எழுந்து பாதி முன்னால் வந்து எறிந்து காட்டுகிற நேரத்துக்கு மைதானத்தில் மதிப்புக் கிடையாது. பள்ளி முடிக்கிற வருடம், உயரம், எடை, மார்க், இதெல்லாம் மெயிலின் முதல் வரியிலேயே இருக்கட்டும்.

திருவல்லிக்கேணி வாசகர்: பேரன் இடது கைக்காரன். கேட்சர் ஆக வேண்டும் என்கிறான். முடியவே முடியாது என்கிறார்களே, ஆஸ்திரேலிய கீப்பர் கில்கிறிஸ்ட் இடது கை இல்லையா?

கில்கிறிஸ்ட் மட்டை பிடித்ததுதான் இடது கை. மட்டை இடது என்றால் பேஸ்பாலில் கேட்சருக்கு அது கூடுதல் மதிப்பு. எறிகிற கை இடது என்றால்தான் சிக்கல். மேஜர் லீக்கில் இடது கையால் எறிகிற ஒருவர் கடைசியாகக் கேட்சராக ஆடியது 1989-ல், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் பென்னி டிஸ்டெஃபானோ. அதுவும் மூன்றே ஆட்டம். மட்டைக்காரர்களில் வலது கைக்காரர்களே அதிகம் என்பதால் எறிகிற வழியில் அவர்கள் நிற்பார்கள் என்பது ஒரு காரணம். மூன்றாம் பேஸுக்கு எறிய உடம்பையே திருப்ப வேண்டும். அங்கிருந்து ஓடி வருகிறவனைத் தொட்டு அவுட்டாக்க, கையுறை தூரத்துக் கையில் இருக்கும். இதெல்லாம் பாதி உண்மை, பாதி பழக்கம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் கோச்சின் பழக்கத்தை எதிர்த்துப் பையன் தன் நான்கு வருடத்தைப் பணயம் வைக்க வேண்டுமா? தோள் நன்றாக இருந்தால் பிட்சர் ஆகட்டும். இடது கை பிட்சரைத் தேடித் தேடி எடுப்பார்கள்.

பெரம்பூர் வாசகர்: என் மகள் இங்கே பள்ளி சாஃப்ட்பால் (பேஸ்பாலின் சின்ன மைதான வடிவம்) அணியில் கேட்சர். அமெரிக்கக் கல்லூரியில் இடம் வாங்கித் தருகிறோம் என்று ஒரு ஆலோசகர் ஐந்து லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். இடம் கொடுப்பது கோச், இவர் இல்லை. நீங்கள் செய்ய வேண்டியதை ஒரு பைசா கமிஷன் இல்லாமல் செய்யலாம். முதல், இரண்டாம் டிவிஷனுக்கு, அங்கே கல்லூரி விளையாட்டை நடத்துகிற அமைப்பான என்சிஏஏவின் தகுதி மையத்தில் பதிய வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை 16 முக்கியப் பாடங்கள் தேறியிருக்க வேண்டும், அதனால் ஒன்பதாம் வகுப்பு மார்க் ஷீட்டை இப்போதே தேடி எடுத்து வையுங்கள். பெண்களுக்குச் சமவாய்ப்பு தர வேண்டும் என்கிற 1972-ஆம் வருடச் சட்டம் அங்கே இருப்பதால், சாஃப்ட்பாலைக் கல்லூரிகள் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆட்டத்தில் ஒரு வித்தியாசம் சொல்லி வையுங்கள். சாஃப்ட்பாலில் பேஸுக்கு பேஸ் 60 அடிதான், இரண்டாம் பேஸுக்கு எறிகிற தூரம் 85 அடிக்குக் கொஞ்சம் குறைவு. பந்து பிட்சரின் கையை விட்டுப் போகும் வரை ஓட்டக்காரி பேஸை விட்டு நகரக் கூடாது. அதனால் திருட்டு நடந்தால் பிட்சர் மேல் பழி போட முடியாது, பெரும்பாலும் கேட்சர் கணக்குதான். மகளுடைய பாப் டைமை நீங்களே ஒரு போனில் பதிவு செய்து, பத்து எறிதலின் சராசரியை எழுதி வையுங்கள். மிகச் சிறந்த ஒன்றை எழுதி அனுப்புவது எல்லோரும் செய்கிற தப்பு.

அமெரிக்கா கிடைக்கவில்லை என்றாலும் சோர்ந்துபோக வேண்டாம். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ உடற்கல்விக் கல்லூரியை 1920-ல் தொடங்கியவரே ஹாரி குரோ பக் என்கிற அமெரிக்கர்தான். உடற்கல்வி படிக்க நம் ஊரிலேயே இடம் இருக்கிறது.

மயிலாப்பூர் வாசகர்: தோனி பேஸ்பால் கேட்சராக இருந்திருந்தால்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நம் கோச்சுகள் எல்லோரும், பந்தோடு கையைப் பின்னால் கொடு, கொடு என்றுதான் சொல்லித் தந்தார்கள். தோனி ஸ்டம்பிங்கில் கையைப் பின்னால் கொடுக்கவே மாட்டார். பந்தை வாங்குகிற அசைவிலேயே கை ஸ்டம்புக்குப் போய்விடும். ஃப்ரேமிங்குக்கு வேண்டியதும் இதுதான், பந்து கையை இழுக்க விடாமல் கை பந்தை முந்துவது. பள்ளியில் அவர் ஃபுட்பால் கோல்கீப்பர் வேறு, நெஞ்சைக் கொடுக்கத் தயங்க மாட்டார். ஒரு கை வெறுங்கை என்பதற்கு மட்டும் கொஞ்ச நாள் பழக வேண்டியிருக்கும்.

இன்னொன்று. மேஜர் லீக்கில் 2026 முதல் ஸ்ட்ரைக்கா பாலா என்று அம்பயர் சொன்னதை எதிர்த்துக் கேமராவிடம் முறையிடலாம். பிட்சர், கேட்சர், மட்டைக்காரர் மூவரில் ஒருவர்தான் கேட்க முடியும். உடனே கேட்க வேண்டும், பெஞ்சிலிருந்து யாரும் கண் காட்டக் கூடாது. டிஆர்எஸ்ஸுக்கே தோனி ரிவ்யூ சிஸ்டம் என்று பெயர் வைத்த ஊர் இது. நான் வேறு என்ன சொல்ல?

மாம்பலம் வாசகி: நியூ ஜெர்சியில் இருக்கும் என் பேரனுக்கு 13 வயது. ஷார்ட்ஸ்டாப் ஆடுகிறான். அவன் கோச் கேட்சராக மாறச் சொல்கிறாராம். அடிபடுமே என்று எனக்குப் பயம். உங்களைக் கேட்டுச் சொல்லச் சொன்னான்.

மாமி, கோச் பையனைக் கீழே இறக்குவதாக நினைக்க வேண்டாம். பஸ்டர் போசி என்று ஒருவர், ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது ஷார்ட்ஸ்டாப்தான். இரண்டாம் வருடத்தில் கேட்சராக மாற்றினார்கள். 2008-ல் மேஜர் லீக்கின் சான் ஃப்ரான்சிஸ்கோ அணி அவரை எடுத்தது. 2010, 2012, 2014 என்று மூன்று தடவை, மேஜர் லீக்கின் இறுதிக் கோப்பையான உலகத் தொடர் ஜெயித்தார். ஷார்ட்ஸ்டாப்புக்கு வேண்டிய விரைவான காலும் பதமான கையும்தான் கேட்சருக்கும் வேண்டும்.

அடி விஷயத்தை மறைக்க மாட்டேன். அதே போசிக்கு 2011-ல், ஹோம் பிளேட்டை நோக்கி ஓடி வந்தவர் மோதிக் கால் எலும்பு முறிந்தது. அப்புறம் 2014-ல் மேஜர் லீக்கில் அந்த மாதிரி மோதுவதற்கே தடை கொண்டு வந்தார்கள். விரல்தான் இன்றைக்கும் ஆபத்து. பந்து வரும்போது வெறுங்கையைக் காலுக்குப் பின்னால் ஒளித்து வைக்கப் பழகட்டும். முழங்காலுக்காக, இப்போதெல்லாம் ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி உட்காரச் சொல்லித் தருகிறார்கள். என் காலத்தில் அந்தப் புத்தி யாருக்கும் இல்லை.

பேரனுக்கு நேராக ஒரு வார்த்தை. தம்பி, முதல் வாரம் தொடை இரண்டும் கொல்லும். பாட்டியிடம் சொல்லாதே. மாடிப்படி இறங்கும்போது மட்டும் கம்பியைப் பிடித்துக்கொள்.